சிரிப்பு யார் பக்கம்?

"அபாரம் ஐயா, அபாரம்! அந்தக் கருப்பர்களை என்ன போடு போட்டீர்கள்! நாங்கள் நெஞ்சிலே பூட்டி வைத்திருந்ததை எல்லாம் நீங்கள் நடுக்கூடத்திலே கொட்டிவிட்டீர்கள். சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது!"

"அவர்களையா கேலி செய்தோம்? இல்லை நண்பரே, இல்லை! நாங்கள் கேலி செய்தது உங்களைத்தான்!"

பாராட்ட வந்தவர் திகைத்து நிற்கிறார்; பாராட்டப்பட்டவர் விடை கூறிவிட்டு நடக்கிறார். கற்பனை அல்ல, தோழர்களே! வாரன் மிட்செல் எனும் இங்கிலாந்து நடிகர், தெருவிலே தம்மை மடக்கி மகிழ்ந்த ரசிகர்களுக்கு இந்தப் பொருள்பட விடையளித்து வந்ததாகக் கூறியிருக்கிறார். மிட்செல் யூதக் குடும்பத்திலே பிறந்தவர், இடதுசாரிக் கருத்தினர். அவர் பூண்ட வேடமோ யூதரைப் பழிப்பவன், கருப்பரை வெறுப்பவன், பாட்டாளியாகப் பிறந்தும் பிரபுக்களின் பல்லக்கைத் தோளிலே சுமப்பவன். வெறியனின் முகத்தைக் கண்ணாடியிலே காட்டினால், வெறியன் வெட்கித் தலைகுனிவான் என்று எண்ணி வேடம் கட்டினார் நடிகர். வெறியனோ கண்ணாடியைப் பார்த்து, "ஆகா, என்ன அழகு என் முகம்!" என்று கைதட்டினான்.

வேடிக்கைதான். ஆனால் அந்த வேடிக்கைக்குள்ளே நம்மை உறுத்தும் கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது. மடமையை எள்ளி நகையாடினால் மடமை மாளுமா? அல்லது, நகைச்சுவை என்னும் நறுமணத்தைப் பூசிக்கொண்டு, நடுவீட்டிலே நாற்காலி போட்டு அமர்ந்துவிடுமா?

பகுத்தறிவுப் பணியிலே ஈடுபட்டோர் எந்த நாட்டிலும் நகைப்பை நம்பியவர்கள். பிரான்சு நாட்டு வால்டேர் ஏந்திய வாள் அது; பெர்னாட் ஷா சுழற்றிய சாட்டை அது. வாதத்துக்கு மசியாதவனும் ஏளனத்துக்கு அஞ்சுவான் என்பது நம்மவர் நெஞ்சிலே ஊறிப்போன நம்பிக்கை. நம்பிக்கை எதுவாயினும் உரைத்துப் பார்க்க வேண்டும் என்று ஊருக்கு எடுத்துரைப்பவர் நாம். நமது நம்பிக்கைக்கு மட்டும் விலக்களிக்கலாமா? கூடாது. உரைத்துப் பார்க்க உரைகல்லும் இருக்கிறது. ஒரே நகைச்சுவை நாடகம், ஒரே குடும்பம், ஒரே சண்டை. முதலில் இங்கிலாந்திலே நடந்தது, பிறகு அமெரிக்காவிலே நடந்தது. ஒரே விதையை இரு மண்ணிலே ஊன்றிப் பார்த்த சோதனை அது. விளைச்சலைக் காண்போம்.

*

1965 ஜூலைத் திங்களில், பி.பி.சி. தொலைக்காட்சியிலே தனி நாடகமாக முளைத்து, 1966 ஜூன் முதல் தொடராகத் தழைத்தது 'டில் டெத் அஸ் டூ பார்ட்'. கிறித்தவத் திருமணத்திலே மணமக்கள் கூறும் உறுதிமொழி அது: சாவு நம்மைப் பிரிக்கும் வரை! எழுதியவர் ஜானி ஸ்பைட். லண்டனின் கிழக்குப் பகுதியிலே, கேனிங் டவுன் எனும் ஏழைப் பேட்டையிலே, துறைமுகத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். சிறு வயதிலேயே பள்ளியை விட்டு வேலைக்குப் போனவர். பள்ளி தராத கல்வியைப் பொது நூலகத்திலே, பெர்னாட் ஷாவின் ஏடுகளிலே தேடிப் பெற்றவர்.

கதைக்களம், லண்டன் துறைமுகத்தை ஒட்டிய வாப்பிங் பகுதியிலே ஓர் எளிய வீடு. பாத்திரங்கள் நால்வர்: ஆல்ஃப் கார்னெட், மனைவி எல்ஸ், மகள் ரீட்டா, மருமகன் மைக். மருமகன் லிவர்பூல்காரன், தொழிற்கட்சிக்காரன், முடி வளர்த்தவன், பெரும்பாலும் வேலையற்றவன். தனிக் குடித்தனம் வைக்க வகையில்லை. மாமனார் வீட்டிலேயே சாப்பாடும் படுக்கையும். கதையென்று பெரிதாக ஏதுமில்லை. சாப்பாட்டு மேசையிலே வாதம் மூளும்; வாதம் வசையாகும்; வசை கூச்சலாகும். நாடு முழுதும் சிரிக்கும்.

ஆல்ஃப் என்ன சொல்கிறான்? அரசியார் வாழ்க, சர்ச்சில் வாழ்க, கன்சர்வேடிவ் கட்சி வெல்க! தொழிற்கட்சி ஒழிக, தொழிற்சங்கம் ஒழிக! நாட்டுக்கு நேர்ந்த கேடு அத்தனைக்கும் காரணம், கடல் கடந்து வந்து குடியேறிய கருப்பரும் பழுப்பரும்! இவ்வளவையும் பேசுபவன் மாளிகையிலே வாழும் மிட்டாதாரன் அல்ல. வியர்வை சிந்தி வயிறு வளர்க்கும் உழைப்பாளி.

அவனுடைய கோபம் முழுப் பொய்யா? இல்லை. அவனுடைய உலகம் உண்மையிலேயே சரிந்துகொண்டிருந்தது. மூட்டை மூட்டையாகத் தோளிலே சுமந்து சரக்கிறக்கிய காலம் மறைந்து, கண்டெய்னர் எனும் இரும்புப் பெட்டியின் காலம் பிறந்தது. பெரிய கப்பல்கள் நகருக்குள் நுழையாமல், ஆற்றின் கீழ்ப்பகுதியிலே டில்பரித் துறையோடு நின்றன. வாப்பிங் பக்கத்துச் செயிண்ட் கேத்தரின் துறை 1968இல் மூடப்பட்டது. லண்டன் துறை 1969இல் மூடப்பட்டது. வேலையை விழுங்கியது இரும்புப் பெட்டி. விழுங்கச் செய்தது இலாபக் கணக்கு. ஆல்ஃபின் விரல் நீண்டதோ, மேற்கிந்தியத் தீவிலிருந்து வந்து லண்டன் பேருந்திலே பணியாற்றிய ஏழையை நோக்கி! ஏய்த்தவனை வாழ்த்திவிட்டு, தன்னைப் போலவே ஏய்க்கப்பட்டவனைத் தூற்றும் இந்த விசித்திரத்தைத்தான் ஸ்பைட் மேடையேற்றினார்.

இரக்கமின்றி ஏற்றினார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆல்ஃபுக்கு அவர் ஒரு நற்குணத்தையும் நன்கொடையாகத் தரவில்லை. கோழை, கஞ்சன், மனைவியை மாடு என்று அழைப்பவன். மனைவி எல்ஸ் அவனை நேசிக்கிறாளா என்றால், சகித்துக்கொள்கிறாள், அவ்வளவே. அவன் அரை மணி நேரம் முழங்கியதை ஒற்றைச் சொல்லிலே கவிழ்த்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். பேச்சில் பண்பில்லை என்று மேரி வைட்ஹவுஸ் எனும் அம்மையார் இந்த நாடகத்தை எதிர்த்துப் போர் தொடுத்தபோது, ஸ்பைட் செய்த குறும்பைப் பாருங்கள்: 1967இல் வந்த ஒரு பகுதியிலே, அந்த அம்மையார் எழுதிய நூலை ஆல்ஃபின் கையிலே கொடுத்து, அவனை அதன் அடியாராக்கிவிட்டார்! ஆல்ஃபைத் தாம் படைக்கவில்லை, சமுதாயம் படைத்தது, தாம் காட்டிக்கொடுத்தவர் மட்டுமே என்ற கருத்தை ஸ்பைட் வெளியிட்டதுண்டு. காட்டிக்கொடுக்கப்பட்டவர்களில் அவருடைய தந்தையும் ஒருவர். துறைமுகத் தொழிலாளியான அந்தத் தந்தையின் சாயலைத்தான் ஆல்ஃபுக்குத் தந்திருந்தார்.

*

கடலுக்கு அப்பால், நார்மன் லியர் எனும் அமெரிக்க எழுத்தாளர் இந்த நாடகத்தைப் பற்றிய செய்தியைப் படித்தார். படித்ததும் அவர் நினைவிலே எழுந்தது யார் தெரியுமா? அவருடைய தந்தை! தாயை நோக்கி, "வாயை மூடு" என்று அதட்டிய தந்தை. மகனைச் சோம்பேறி என்று ஏசும்போது நிறத்தையும் சேர்த்தே ஏசிய தந்தை. ஆக, இரு நாட்டு நாடகத்துக்கும் மூலதனம் ஒன்றே: எழுதியவனைப் பெற்ற தகப்பன். ஆனால் ஒரு மகன் தகப்பனைக் காட்டிக்கொடுத்தான். மற்றொரு மகன் தகப்பனைப் புரிந்துகொள்ள முயன்றான். இரு நாடகங்களுக்கும் இடையே உள்ள வேற்றுமைகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்தே கிளைத்தவை.

அமெரிக்காவிலே இந்த நாடகம் எளிதாக அரங்கேறவில்லை. ஏ.பி.சி. நிறுவனம் இரண்டு முறை மாதிரி எடுத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டது. சி.பி.எஸ். நிறுவனம் ஏற்றுக்கொண்டு, 1971 ஜனவரி 12 அன்று 'ஆல் இன் தி ஃபேமிலி' என்ற பெயரில் ஒளிபரப்பியது. அதுவும் எப்படி? நமது பலவீனங்களையும் தப்பெண்ணங்களையும் நகைப்புக்கு இடமாக்கி, அவை எவ்வளவு அபத்தமானவை என்பதைக் காட்டவே இந்நிகழ்ச்சி என்று முன்கூட்டியே ஓர் அறிவிப்பைத் திரையிலே போட்டுவிட்டு! சிரிப்பு தானே பேசும் என்ற உறுதி இருந்திருந்தால் அறிவிப்பு எதற்கு? சிரிப்பு எந்தப் பக்கம் சாயுமோ என்ற ஐயம் தொடக்க நாளிலேயே அவர்களுக்கு இருந்திருக்கிறது.

1979 ஏப்ரல் வரை நடந்தது அந்தத் தொடர். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அமெரிக்காவிலே மிகுதியான மக்கள் பார்த்த நிகழ்ச்சி அதுவே. ஆல்ஃப் கார்னெட் இங்கே ஆர்ச்சி பங்கர் ஆனான்; நடித்தவர் கேரல் ஓ'கானர். வாப்பிங் வீடு, நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதி வீடாயிற்று. எல்ஸ், எடித் ஆனாள்; ரீட்டா, குளோரியா ஆனாள். மருமகனுக்கு மட்டும் பெயரும் மாறவில்லை, நிலையும் மாறவில்லை. இங்கும் மைக், இங்கும் மாமனார் வீட்டுச் சாப்பாடு. போலந்து வழியினன், கல்லூரி மாணவன், போரை எதிர்ப்பவன், கருப்பர் உரிமைக்குக் குரல் கொடுப்பவன்.

அந்த நாளிலே அமெரிக்க வீடுகள் பலவற்றில் இதே சண்டை நடந்துகொண்டிருந்தது. 1964இல் குடியுரிமைச் சட்டம் வந்துவிட்டது. 1968இல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். வியட்நாமிலே குண்டு மழை. 1970 மே மாதம், நியூயார்க் நகரிலே போரை எதிர்த்து நின்ற மாணவர்களைக் கட்டடத் தொழிலாளர்கள் கூட்டமாக வந்து அடித்து நொறுக்கினர். தொழிலாளி ஒருபுறம், மாணவன் ஒருபுறம், வீதியிலே இரத்தம். எட்டே திங்களில், அதே இருவரும் தொலைக்காட்சியிலே ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்தனர்!

*

இனி, வேற்றுமைகளை எடை போடுவோம்.

முதல் வேற்றுமை, அன்பு. ஆல்ஃபை யாரும் நேசிக்கவில்லை. ஆர்ச்சியை எடித் நேசிக்கிறாள். அவள் நேசிப்பதாலேயே பார்ப்போரும் நேசிக்கத் தொடங்குகின்றனர். ஆர்ச்சியின் முரட்டுத்தனத்துக்கு அடியிலே மகளுக்காக உருகும் உள்ளம் உண்டு, கடன்காரனுக்கு அஞ்சும் நடுக்கம் உண்டு. இது குறையா, நிறையா? குறைதான் என்று வழக்குத் தொடுத்தார் லாரா ஹாப்சன் எனும் எழுத்தாளர். யூதர்மீது காட்டப்படும் வெறுப்பைப் பற்றி 'ஜென்டில்மென்ஸ் அக்ரிமென்ட்' எனும் புதினத்தை 1947இல் தந்தவர் அவர். 1971 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் ஏட்டிலே எழுதினார். அவருடைய வாதத்தின் சாரம் இது: ஆர்ச்சி வாயிலே வரும் வசைகள் வடிகட்டிய வசைகள், உண்மையான வெறியன் துப்பும் மிகக் கொடிய சொற்களை அவன் உச்சரிப்பதில்லை, நஞ்சைச் சர்க்கரைப் பாகிலே தோய்த்து, வெறியனை வீட்டுக்கு வேண்டியவனாக்கிவிட்டீர்கள், வெறியன் அன்புக்குரியவனாக இருக்க முடியுமா?

லியர் அதே ஏட்டிலே மறுமொழி எழுதினார். அவர் கண்ட உலகிலே, தப்பெண்ணம் கொண்டவர்கள் கொம்பும் கோரைப் பல்லும் முளைத்தவர்கள் அல்லர். நம் வீட்டிலே, நம்மை அன்போடு வளர்ப்பவர்களிடையே இருப்பவர்கள்.

இருவர் கூறுவதிலும் உண்மை இருக்கிறது. இங்கிலாந்து நாடகம், வெறுப்பின் கோரத்தை மறைக்கவில்லை. அந்த நேர்மை அதற்கு உண்டு. ஆனால் ஆல்ஃபைப் பார்ப்பவன், "நான் இவ்வளவு கேவலமானவன் அல்லவே!" என்று தப்பித்துக்கொள்ள வழி இருக்கிறது. அமெரிக்க நாடகம் அந்த வழியை அடைத்துவிடுகிறது. நல்ல தகப்பன், நாணயமான உழைப்பாளி, அண்டை வீட்டானுக்கு அவசரத்தில் உதவக்கூடியவன், அவனிடத்திலேயே இந்த நஞ்சு இருக்கிறதே என்று காட்டுகிறது. ஆனால் அதற்கு அது கொடுத்த விலை, ஹாப்சன் கூறிய விலைதான்.

இரண்டாம் வேற்றுமை, பழிக்கப்பட்டவனின் குரல். வாப்பிங் வீட்டிலே கருப்பரைப் பற்றிய பேச்சு ஏராளம்; பேசப்பட்டவர்கள் வாசற்படி ஏறுவது அரிது. குற்றம் சாட்டுபவன் வெள்ளையன், மறுத்து வாதாடும் மருமகனும் வெள்ளையன். வழக்குக்கு உரியவனோ நீதிமன்றத்திலேயே இல்லை! குவீன்ஸ் வீட்டில் அப்படியன்று. பக்கத்து வீட்டுக்கே குடிவருகிறது ஜெஃபர்சன் எனும் கருப்பர் குடும்பம். அக்குடும்பத்து இளைஞன் லயனல், முதற்பகுதியிலேயே வந்துவிடுகிறான். படித்துப் பொறியாளனாக விரும்பும் அறிவாளி அவன். ஆனால் ஆர்ச்சி எதிரே மட்டும் எழுத்தறியாதவனைப் போலக் கொச்சை பேசி, "மின்சாரப் பொறியாளனாகப் போகிறேன்" என்று நாக்கைக் குழறி நடிக்கிறான். ஆர்ச்சி எதிர்பார்ப்பது அதைத்தான் என்பது அவனுக்குத் தெரியும். ஆர்ச்சி மகிழ்கிறான், தான் ஏளனம் செய்யப்படுவதே அவனுக்குப் புரியவில்லை. அந்த இடத்திலே சிரிப்பு யார் பக்கம் என்பதில் ஐயமே இல்லை. பழிக்கப்பட்டவனே பழித்தவனைப் பார்த்துச் சிரிக்கிறான்! 1972 பிப்ரவரியில் வந்த பகுதியிலே, புகழ்பெற்ற கருப்பின நடிகர் சேமி டேவிஸ், தாமாகவே ஆர்ச்சி வீட்டுக்கு வருகிறார். பிரியும்போது புகைப்படம் எடுக்கிறார்கள். பொத்தானை அழுத்தும் அதே நொடியிலே, ஆர்ச்சியின் கன்னத்திலே முத்தமிடுகிறார் டேவிஸ். ஆர்ச்சியின் திகைத்த முகம் ஆயிரம் சொற்பொழிவு ஆற்றுகிறது.

மூன்றாம் வேற்றுமையே ஆழமானது. வெறுப்பு எங்கிருந்து வந்தது? ஆல்ஃப் நாடகம் அதைக் கேட்பதில்லை. ஆர்ச்சி நாடகம், காலம் தாழ்த்தியேனும், 1978 பிப்ரவரியில் கேட்டது. மாமனும் மருமகனும் ஒரு பண்டக அறையிலே அகப்பட்டுக்கொள்கிறார்கள், கதவு திறக்கவில்லை, குளிர், கையிலே மதுப்புட்டி. போதையிலே ஆர்ச்சி தன் பிள்ளைப் பருவத்தைச் சொல்கிறான். வறுமையால் ஒரு காலிலே ஒரு வகைச் செருப்பும் மறு காலிலே வேறு வகையும் அணிந்து பள்ளிக்குப் போனதையும், பிள்ளைகள் பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்ததையும், தந்தை கை ஓங்கியதையும், இருட்டறையிலே அடைத்ததையும் சொல்கிறான். கருப்பரைக் குறித்த வசைச் சொல்லைத் தந்தையின் வாயிலிருந்து கற்றதையும் சொல்கிறான். "உன் தந்தை தவறு செய்தார்" என்கிறான் மைக். ஆர்ச்சி கொதிக்கிறான். உழைத்து வந்து சோறு போட்டவர், கைப்பிடித்து நடத்தியவர், நேசித்தவர். அப்படிப்பட்டவர் தவறானதைச் சொல்லித் தந்திருப்பாரா என்று கேட்கிறான்.

தோழர்களே! அந்தக் கேள்விக்கு மைக்கிடம் விடை இல்லை. நம்மிடம் இருக்கிறதா? மூடநம்பிக்கையை ஏன் விடமாட்டேன் என்கிறான் என்று வியக்கிறோம். அவனுக்கு அது கருத்து அல்ல, தகப்பனின் கைச்சூடு. "உன் எண்ணம் பொய்" என்று நாம் சொல்லும்போது, "உன்னை நேசித்தவர் உன்னை ஏமாற்றினார்" என்று அவன் காதிலே விழுகிறது. கருத்தைத் துறப்பது எளிது. தந்தையைத் துறப்பது எளிதல்ல. நஞ்சு, நஞ்சாக ஊட்டப்பட்டிருந்தால் துப்பியிருப்பான், பாலோடு ஊட்டப்பட்டது! இதைச் சொல்வது வெறியை மன்னிப்பதற்காக அல்ல. வெறியின் வேர் எத்தனை ஆழத்திலே இருக்கிறது என்பதை அளப்பதற்காக.

*

சரி, விளைவு என்ன?

நாடகம் தைக்கவேயில்லை என்று கூற முடியாது. 1971 மே மாதம், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன் தம் உதவியாளர்களிடம் இந்த நாடகத்தைக் குறித்துச் சினந்து பேசியது, அவரது மாளிகை ஒலிநாடாவிலேயே பதிவாகியிருக்கிறது. ஓரினச் சேர்க்கையாளரை உயர்த்திக் காட்டுகிறார்கள் என்பது அவர் குறை. ஆளுவோருக்குக் கோபம் வந்தது என்றால், அம்பு எங்கோ பட்டிருக்கிறது என்று பொருள்.

ஆனால் மறுபக்கம்? 1972 தேர்தல் ஆண்டிலே, 'ஆர்ச்சி பங்கரைக் குடியரசுத் தலைவராக்குவோம்' என்ற வாசகம் சட்டைகளிலும் கார்களிலும் மின்னியது. வேடிக்கைக்காக அணிந்தவர் எத்தனை பேர், விருப்பத்தோடு அணிந்தவர் எத்தனை பேர், யாரால் பிரித்தறிய முடியும்? 1974இல் நீல் விட்மார், மில்டன் ரோக்கீச் எனும் இரு உளவியலறிஞர்கள் தங்கள் ஆய்வை வெளியிட்டனர். அமெரிக்க மாணவர்களையும் கனடா நாட்டுப் பெரியவர்களையும் கேட்டுத் திரட்டிய முடிவுகள் அவை. நாடகம் நகைச்சுவையானது என்பதில் எல்லாரும் ஒன்றுபட்டனர். ஆனால், தப்பெண்ணம் மிகுந்தவர்கள் ஆர்ச்சியை மெச்சினர். வாதத்திலே வென்றவன் ஆர்ச்சியே என்று கருதினர். தப்பெண்ணம் குறைந்தவர்கள், ஆர்ச்சி கேலிக்கு ஆளானதைக் கண்டனர். ஒரே கூடம், ஒரே திரை, ஒரே சிரிப்பொலி. ஆனால் சிரித்தவை இரண்டு கட்சிகள்! அவரவர் கொண்டுவந்ததையே அவரவர் கொண்டு சென்றனர்.

இங்கிலாந்திலோ, வரலாறு இன்னும் கடுமையான தீர்ப்பை எழுதியது. ஆல்ஃப் நாடகத்தின் முதற்கட்டம் 1968 பிப்ரவரியில் முடிந்தது. இரண்டே திங்களில், ஏப்ரல் 20 அன்று, கன்சர்வேடிவ் தலைவர்களுள் ஒருவரான ஈனோக் பவல், பர்மிங்காம் நகரிலே குடியேறிகளுக்கு எதிராக நெருப்பைக் கக்கினார். கட்சித் தலைவர் ஹீத் அவரை முன்னணிப் பொறுப்பிலிருந்து நீக்கினார். ஏப்ரல் 23 அன்று லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு, கிழக்குப் பகுதியிலிருந்து பாராளுமன்றத்தை நோக்கி அணிவகுத்தனர். எதற்காக? கூலி உயர்வுக்கா? மூடப்படும் துறைகளைக் காக்கவா? இல்லை, பவலுக்கு ஆதரவாக! திரையிலே ஆல்ஃபைப் பார்த்து ஈராண்டு சிரித்த நாட்டிலே, ஆயிரம் ஆல்ஃபுகள் வீதிக்கு வந்துவிட்டனர்.

நாடகம்தான் அவர்களை வீதிக்கு அழைத்தது என்று நான் கூறவில்லை, அது நியாயமாகாது. நாடகம் அவர்களைத் தடுக்கவில்லை என்றே கூறுகிறேன். அந்தச் சிரிப்பை நம்பி நாம் உறங்கிவிடலாகாது என்றே கூறுகிறேன்.

*

இதுவரை ஆல்ஃபையும் ஆர்ச்சியையும் பார்த்தோம். நாம் பார்க்கத் தயங்கும் ஒருவன் மேசையின் மறுமுனையிலே அமர்ந்திருக்கிறான்: மைக்! சமத்துவம் பேசுபவன், ஏடு படிப்பவன், மூடத்தனத்தைச் சாடுபவன். யார் அவன்? நாமே அவன். ஆகவே அவனைச் சற்று உற்று நோக்குவது நமது கடமை.

அவன் கூறுவது பெரும்பாலும் சரி. ஆயினும் அவன் ஏன் வெல்வதில்லை? இரு நாட்டிலும் அவன் உண்பது, தான் ஏளனம் செய்யும் மாமனின் உழைப்பிலே விளைந்த உணவு. உழைப்பாளியின் உரிமையைப் பற்றி உரையாற்றுகிறான், எதிரே களைத்து வந்து அமர்ந்திருக்கும் உழைப்பாளியிடம்! மாமன் படிக்க வாய்ப்பற்றுப் போனவன், மருமகன் படித்தவன். அந்தப் படிப்பை ஏணியாக நீட்டினானா, தடியாக ஓங்கினானா? "ஐயா, உங்கள் துறைமுகத்தை மூடுவது யார் என்று சேர்ந்து சிந்திப்போம், வாருங்கள்" என்று ஒரு நாளாவது அழைத்திருந்தால், அந்த விரல் வேறு திசையிலே நீண்டிருக்குமோ என்னவோ! அழைக்கவில்லை. வாதத்திலே வெல்வதே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

இன்னொன்றையும் அமெரிக்க நாடகம் அஞ்சாமல் காட்டியது. 1972இல் வந்த ஒரு பகுதி. குளோரியா ஒரு புதிர் போடுகிறாள்: தந்தையும் மகனும் காரிலே சென்றார்கள், விபத்து, தந்தை மாண்டார், மகனை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர், அறுவை மருத்துவர் பார்த்துவிட்டு, "என்னால் கத்தி எடுக்க முடியாது, இவன் என் மகன்" என்கிறார். எப்படி? ஆர்ச்சிக்குத் தெரியவில்லை, வியப்பில்லை. முற்போக்காளன் மைக்குக்கும் தெரியவில்லை! மூளையைக் கசக்குகிறான், ஏதேதோ சொல்கிறான். கடைசியில் விடை கண்டவள் யார்? பேதை என்று ஆர்ச்சி நாள்தோறும் ஏசும் எடித்! அந்த மருத்துவர் பையனின் தாய் என்றாள். அறுவை மருத்துவர் பெண்ணாக இருக்கலாம் என்பது, உலகத்துச் சமத்துவத்தையெல்லாம் ஓதிய மைக்கின் தலைக்குள் நுழையவில்லை. தன் தலைக்குள்ளும் ஓர் ஆர்ச்சி குடியிருப்பதை அவன் அறியவில்லை.

பிறர் மடமையைச் சுட்டும் விரலைத் தன் பக்கம் திருப்பாத வரை, சிரிப்பு வெறும் செருக்கு. பார்வையாளருக்கு அந்தச் செருக்கு தெரிகிறது. ஆகவேதான் தப்பு நிறைந்த ஆர்ச்சியிடம் அவர்களில் பலருடைய மனம் ஒட்டியது, சரியாகப் பேசிய மைக்கிடம் ஒட்டவில்லை.

ஆகவே, எள்ளலை எறிந்துவிட வேண்டுமா? வேண்டாம். இரு நாட்டு அனுபவமும் தருவது அந்தப் பாடம் அல்ல. சிரிப்பு விளக்கு, கிடக்கும் குப்பையைக் காட்டும், கூட்டிப் பெருக்காது. பெருக்கும் வேலை கைக்கு உரியது. பழிக்கப்பட்டவன் தன் குரலிலே விடை சொல்ல மேடை வேண்டும். லயனல் வந்தபோதுதான் சிரிப்பு சரியான பக்கம் சாய்ந்தது. வேர் எங்கே என்று காட்டும் துணிவு வேண்டும். பண்டக அறையிலேதான் ஆர்ச்சி முதன்முறையாக மனிதனாகப் பேசினான். நம்மீதும் அந்த விளக்கின் ஒளி விழ இடம்தர வேண்டும். இவை இல்லாத சிரிப்பு, அரங்கத்திலே கைதட்டலைப் பெறும். அடுத்த நாள் காலை அணிவகுப்பைத் தடுக்காது.

பண்டக அறைக் காட்சியின் முடிவு எனக்கு மிகவும் பிடிக்கும். பேசிப் பேசிக் களைத்த ஆர்ச்சி உறங்கிவிடுகிறான். வாதத்திலே அன்று மைக் வெல்லவில்லை; வெல்ல முயலவும் இல்லை. குளிரிலே கிடக்கும் கிழவனுக்குப் போர்த்திவிடுகிறான். ஏழாண்டுக் கூச்சல் சாதிக்காத ஒன்றை, ஒருவன் சொல்ல ஒருவன் கேட்ட அந்த இரவு தொட்டது.

ஆர்ச்சி அமர்ந்து அதிகாரம் செலுத்திய நாற்காலி, 1978 முதல், வாஷிங்டன் நகரிலே அமெரிக்க தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தின் உடைமை. மக்கள் காட்சிப் பொருளாகக் கண்டு, சிரித்து, மகிழ்ந்திருக்கிறார்கள். நாற்காலி காட்சிச் சாலைக்குப் போய்விட்டது, தோழர்களே! அதிலே அமர்ந்திருந்தவன் போய்விட்டானா என்பதை அவரவர் வீட்டுக் கூடத்திலே, முடிந்தால் அவரவர் உள்ளத்திலே, தேடிப் பாருங்கள்.